வலையும் வாளியும் நோய் சுமக்கலாகாது

(ஈப்போ வட்டாரத் தோட்டப்புற மக்களிடையே வண்ணமீன் வளர்ப்புக் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வண்ணமீன் வளர்ப்பைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் எந்த மீனுக்கு எவ்வளவு விலை, எந்த மீன் எத்தனை குஞ்சு ஈனும் என்பவற்றையே எடுத்துரைப்பர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைக் கவர்ச்சி உடையதன்று. மீனை அள்ளும் கைவலை, நீர் மாற்றும் வாளி, அடிக்கசடு உறிஞ்சும் ரப்பர்க் குழாய், வடிகட்டியின் பஞ்சு, தொட்டியின் அடியில் பரப்பும் பரற்கல் ஆகிய எளிய பொருள்களைப் பற்றியே பேச இருக்கின்றோம். பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த மீன்கள் சில நாள்களில் கூண்டோடு மாண்டு போவதற்கு இந்தப் பொருள்களே வழியாக அமைந்து விடுகின்றன. எனவே இவற்றைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நமது கடமையாகும்.

பேராக் மாநிலத்திற்கும் மீனுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய பள்ளங்கள், தோண்டுதல் நின்றபின் நீர் நிறைந்த குட்டைகளாயின. 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உலக ஈயச் சந்தை சரிந்ததை அடுத்துப் பல லம்பங்கள் மூடப்பட்டன. அந்த லம்பக் குட்டைகளுள் பலவற்றில் பின்னர் மீன் வளர்ப்பு தொடங்கியது. தஞ்சோங் துவாலாங் வட்டாரம் நன்னீர்ப் பெரிய இறாலுக்குப் பெயர் பெற்றது. வண்ணமீன் உற்பத்தியில் ஜொகூர், பினாங்கு ஆகிய மாநிலங்களோடு பேராக்கும் நாட்டின் முன்னணியில் நிற்கின்றது. கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்ச 1906-ஆம் ஆண்டில் அமைந்த புக்கிட் மேரா ஏரி, கெலிசா எனப்படும் அரோவானா மீனின் தாயகங்களுள் ஒன்று. அந்த மீன் இயற்கையில் மிகவும் அருகிவிட்டமையால், அனைத்துலக ஒப்பந்தத்தின்படி அதன் வாணிகம் கடுங்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டுள்ளது.

தோட்டப்புற வாழ்க்கையும் மாறிவிட்டது. ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வளர்ந்திருக்கின்றது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயத்து வீடுகளை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் பல. ஆயினும் வீட்டின் பின்புறத்தில் நான்கைந்து தொட்டிகளையோ சிமெண்டுக் குளத்தையோ அமைத்து, கப்பி, மோலி, சண்டைமீன், தங்கமீன், கோய் ஆகியவற்றை வளர்த்துச் சிறு வருவாய் தேடுவோர் உளர். அடுப்படிச் செலவுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் கைகொடுக்கும் அந்த வருவாயைக் காத்துக்கொள்ள வழி சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

கத்தி சுமந்த நோயை அறிவோம்

கருவி நோயைச் சுமக்கும் என்ற செய்தி தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. பால் வெட்டிய அனுபவம் உள்ள பெரியவர்கள் இதனை நன்கறிவர். மழை மிகுந்த காலத்தில், வெட்டிய பட்டையின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்து பட்டை அழுகும் நோய் ஒன்று ரப்பர் மரத்திற்கு உண்டு. அந்தப் பூஞ்சணத்தின் நுண்ணிய வித்துகளை ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்குக் கொண்டு சென்றவற்றுள் பால் வெட்டும் கத்தியும் ஒன்று. வெட்டுபவரின் கையும் உடையும்கூட அவ்வேலையைச் செய்தன. அதனாலேயே கத்தியை மருந்துநீரில் தோய்த்து எடுக்குமாறு அந்நாளில் அறிவுறுத்தினர். மங்கையும் வாளியையும் நாள்தோறும் துடைத்துத் தூய்மை செய்யாவிடில், அவற்றில் தங்கிய கிருமிகள் பாலை முன்கூட்டியே உறையச் செய்துவிடும் என்பதும் நாம் அறிந்ததே.

பால் வெட்டும் கத்திக்குப் பொருந்திய அதே நியாயம் மீன் அள்ளும் வலைக்கும் பொருந்தும். மரத்துக்கு மரம் சென்ற கத்தியைப் போலவே, தொட்டிக்குத் தொட்டி செல்லும் வலையும் கண்ணுக்குத் தெரியாத பகைவனைச் சுமந்து செல்கின்றது.

ஒட்டுண்ணிகள் யாவை?

மற்றோர் உயிரின் உடலில் ஒட்டியோ உட்புகுந்தோ, அதன் உணவையும் குருதியையும் திசுக்களையும் உண்டு வாழும் உயிர்களை ஒட்டுண்ணிகள் என்கின்றோம். நன்னீர் மீன்களைத் தாக்குபவற்றுள் முதன்மையான சிலவற்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஓரணு உயிர். இந்நோய் கண்ட மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூவினாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். மீன் தன் உடலைக் கல்லிலும் கண்ணாடியிலும் உரசிக்கொள்ளும். செவுள்கள் தாக்கப்பட்டால் மூச்சுத் திணறி நீரின் மேற்பரப்பிற்கு வரும். இவ்வுயிரின் வாழ்க்கை மூன்று நிலைகளைக் கொண்டது. முதல் நிலையில் அது மீனின் தோலுக்கடியில் தங்கி உண்டு வளர்கின்றது. இரண்டாம் நிலையில் மீனை விட்டு நீங்கி, கிடைத்த பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை ஒன்றை அமைத்துக்கொள்கின்றது. அவ்வுறைக்குள் அது பன்முறை பிளந்து நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரம் வரையிலான குட்டிகளாகப் பெருகுகின்றது. மூன்றாம் நிலையில் அக்குட்டிகள் உறையை விட்டு வெளியேறி நீந்தி மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாள்களுக்குள் மீன் கிடைக்காவிடில் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துபோகும்.

நமது நாட்டு நீரின் வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்திற்குள்ளேயே நிறைவேறிவிடும். குளிர்நாடுகளில் இதற்கு மாதக்கணக்கும் ஆகலாம். கணக்குக்காக ஒன்று கொள்வோம். ஓர் உறையிலிருந்து 300 குட்டிகள் வெளிவந்து, அவற்றுள் பத்தில் ஒன்று மட்டுமே மீனைப் பற்றிக்கொள்கின்றது என்றாலும் 30 ஒட்டுண்ணிகள் ஆயின. அந்த முப்பதும் அவ்வாறே பெருகினால் அடுத்த சுற்றில் 9,000 குட்டிகள் நீரில் திரியும். முதல் மீனில் நான்கைந்து புள்ளிகளைக் கண்டு, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் எல்லா மீன்களும் வெள்ளை போர்த்தி நிற்பதன் காரணம் இதுவே.

இந்த மூன்று நிலைகளுள் நம் கவனத்திற்கு உரியது இரண்டாம் நிலை. உறைகட்டிய ஒட்டுண்ணி பிசுபிசுப்புடையது. கல்லிலும், செடியின் இலையிலும், வலையின் நூலிலும், குழாயின் உட்புறத்திலும் அது ஒட்டிக்கொள்ளும். அந்த வலையை ஈரத்தோடு அடுத்த தொட்டியில் இட்டால் நோயை நம் கையாலேயே நட்டுவைத்தவர்களாவோம்.

இரண்டாவது, மென்பட்டு நோய் எனப்படுவது. மீனின்மேல் பொன்னிறத் தூசி படிந்தாற்போலத் தோன்றும். இதற்குக் காரணமான பிசினோடினியம் என்னும் ஓரணு உயிர் மலேசியாவில் நன்னீர்க் குளங்களில் வளர்க்கப்பட்ட மீன்களிடையே கொள்ளைநோயாகப் பரவியதை நம் நாட்டு ஆய்வாளர்கள் 1990-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டுள்ளனர்.

மூன்றாவது, தோல் புழுவும் செவுள் புழுவும். கப்பி மீனைத் தாக்கும் தோல் புழு அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். இது முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகின்றது. தாயின் வயிற்றில் மகள் இருக்க, அந்த மகளின் வயிற்றில் பேத்தியும் உருவாகியிருக்கும். ஆகவே, ஒரே ஒரு புழு புதிய தொட்டியை அடைந்தாலும் போதும், பெருங்கூட்டம் உருவாகிவிடும்.

நான்காவது, நங்கூரப் புழு. பெயர் புழுவாயினும் இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. பெண் உயிர் தன் தலையை நங்கூரம் போல மீனின் தசைக்குள் செலுத்தி, உடலை வெளியே தொங்கவிட்டுக்கொள்ளும். அதன் இளங்குஞ்சுகள் நீரில் நீந்தித் திரிபவை. ஆகவே ஒரு குவளை நீரும் அவற்றைச் சுமக்கவல்லது. மலேசிய ஆய்வாளர் முகமது ஷரிப்பும் அவர்தம் துணை ஆய்வாளர்களும், பெரியதொரு மீன்காட்சித் தொட்டி அமைப்பில் எந்தெந்த மீனினங்கள் இதற்கு எளிதில் ஆட்படுகின்றன என்பதை ஆராய்ந்து 1986-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல இன மீன்களை ஒரே நீரில் வைத்திருப்போர் எத்தகைய இடர்ப்பாட்டை எதிர்நோக்குகின்றனர் என்பதை அந்த ஆய்வு உணர்த்துகின்றது.

ஐந்தாவது, மீன் பேன். இது வட்டமாகத் தட்டையாக இருக்கும், கண்ணாலேயே காணலாம். இது தன் முட்டைகளை மீனின்மேல் இடாமல், கல், கண்ணாடி போன்ற கடினப் பரப்புகளில் வரிசையாக இட்டு ஒட்டிவிடும். ஆகவே, மீன் இல்லாத கல்லை வாங்கி வந்தாலும் பேனை வாங்கி வந்தவர்களாவோம்.

அயல்நாடு கற்ற பாடம்

இதில் அலட்சியம் எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு நார்வே நாட்டின் வரலாறு சான்றாகும். கப்பியைத் தாக்கும் தோல் புழுவின் உறவினமான ஒரு புழு, சுவீடனிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன்குஞ்சுகளோடு நார்வேயை அடைந்து, 1975-ஆம் ஆண்டில் அங்குக் கண்டறியப்பட்டது. சுவீடனின் பால்டிக் கடற்பக்கத்துச் சால்மன் மீன்கள் அப்புழுவுக்கு ஓரளவு ஈடுகொடுத்து வாழ்ந்தன. நார்வேயின் சால்மன் மீன்களுக்கோ அந்தத் தாங்குதிறன் இல்லை. ஏறத்தாழ 50 ஆறுகளுக்கு அப்புழு பரவியது. இளம் சால்மன்கள் பெருமளவில் மாண்டன. இறுதியில் ஆறு ஆறாக நஞ்சு கலந்து, அங்குள்ள மீன்கள் அனைத்தையும் அழித்து, பின்னர்ப் புதிதாக மீன் விடும் துன்பமான முறையை அந்நாட்டு அரசாங்கம் கையாள வேண்டியதாயிற்று.

அப்புழு பெரும்பாலும் உயிருள்ள மீன்களின் வழியாகவே பரவியது. ஆயினும் ஈரமான கருவியில் அது சில நாள்கள் உயிர்வாழக்கூடும் என்று அறிந்த நார்வே அரசாங்கம், ஓர் ஆற்றில் பயன்படுத்திய தூண்டில், வலை, படகு, காலணி ஆகியவற்றை முற்றாகக் காயவைத்தோ கிருமிநீக்கம் செய்தோ அன்றி அடுத்த ஆற்றுக்குக் கொண்டு செல்லலாகாது என்று விதித்தது. ஆறுகளுக்கு விதித்த அந்த ஒழுங்கை நாம் நம் தொட்டிகளுக்கு விதித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தொட்டியும் ஓர் ஆறு என்று எண்ணிக்கொண்டால் போதுமானது.

மீன்நோயின் அழிவை நம் நாடும் கண்டிருக்கின்றது. 1980-ஆம் ஆண்டின் இறுதியில் தீபகற்ப மலேசியாவின் வடபகுதி நெல்வயல்களில் விரால் முதலிய மீன்கள் உடலெங்கும் புண்ணாகி மாண்டன. பின்னாளில் அந்நோய் நீர்ப்பூஞ்சண வகையைச் சேர்ந்த நுண்ணுயிரால் நேர்வது என அறியப்பட்டது. அந்நோய் 1987-இல் இலங்கையையும் 1988-இல் இந்தியாவையும் எட்டியது. நீரோடும் மீனோடும் செல்லும் நோய்க்கு எல்லைக்கல் கிடையாது என்பதற்கு இது போதிய சான்று.

கருவிகளைத் தூய்மை செய்யும் முறை

இனி நாம் செய்ய வேண்டுவன யாவை என்பதைப் பார்ப்போம். இவற்றிற்கு மிகுந்த செலவு இல்லை, ஒழுங்கே வேண்டும்.

முதலில், ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனிக் கைவலை வைத்துக்கொள்ளுதல் சாலச் சிறந்தது. வலையின் கைப்பிடியிலும் தொட்டியின் விளிம்பிலும் ஒரே நிறச் சாயத்தைப் பூசிவிட்டால், வீட்டிலுள்ள சிறுவரும் மாற்றி எடுக்கமாட்டார்கள். தொட்டிகள் பல இருந்து, வலைகள் சிலவே இருப்பின், நலமுள்ள தொட்டிகளில் முதலில் வேலை செய்து, ஐயத்திற்குரிய தொட்டியை இறுதியில் தொடவேண்டும். நோயுற்ற தொட்டியிலிருந்து திரும்பி நலமுள்ள தொட்டிக்குச் செல்லலாகாது.

அடுத்து, காயவைத்தல். இதுவே ஏழைக்கும் எட்டும் மருந்தாகும். மேற்கூறிய ஒட்டுண்ணிகளுள் பெரும்பாலானவை ஈரமின்றி வாழமாட்டா. வலையையும் குழாயையும் வாளியையும் முதலில் தேய்த்துக் கழுவிக் கசடு நீக்கி, பின்னர் நல்ல வெயிலில் இரண்டு நாள்கள் முழுமையாகக் காயவிட வேண்டும். மேலே தொட்டுப் பார்க்கக் காய்ந்திருந்தாலும் வலையின் முடிச்சிலும், குழாயின் உள்ளேயும், பஞ்சின் நடுவிலும் ஈரம் தங்கியிருக்கும். குழாயைச் சுருட்டி வைக்காமல் இருமுனையும் தாழத் தொங்கவிடுவது நன்று. ஈப்போவில் பிற்பகல் மழை எதிர்பாராது வருவது இயல்பு. மழையில் நனைந்த வலைக்கு நாள்கணக்கை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

வெயிலுக்குக் காத்திருக்க இயலாதபோது சுடுநீர் உதவும். 60 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரில் வலையைப் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால் ஒட்டுண்ணிகள் மடியும். பிளாஸ்டிக் பொருள்கள் வளைந்துவிடக்கூடும். கண்ணாடித் தொட்டியில் சுடுநீர் ஊற்றினால் வெடித்துவிடும். ஆகவே, இம்முறை வலைக்கும் சிறு கற்களுக்குமே ஏற்றது.

மூன்றாவது, குளோரின் நீர். துணி வெளுக்க நாம் வாங்கும் மணமூட்டப்படாத வெளுப்பு நீரில் பொதுவாக நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் குளோரின் மருந்து இருக்கும். 10 லிட்டர் நீருக்கு அதில் 40 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி சேர்த்துக் கலக்கி, கழுவிய கருவிகளை அதில் ஒரு மணிநேரம் ஊறவைக்க வேண்டும். கசடு நீக்காமல் ஊறவைத்தால் மருந்தின் வலிமை கசடிலேயே செலவாகிவிடும். ஊறியபின் நல்ல நீரில் பன்முறை அலசி, குளோரின் வாடை நீங்கும்வரை காயவிட வேண்டும். எஞ்சிய குளோரினை முறிக்க, மீன்கடைகளில் கிடைக்கும் ஹைப்போ படிகத்தைக் கரைத்த நீரில் அலசுவதும் உண்டு. குழாய்நீரில் இருக்கும் குளோரின் மீனைக் கொல்லப் போதுமானதாயினும், உறைகட்டிய ஒட்டுண்ணியை அழிக்கப் போதாது. ஆதலால் குழாயடியில் அலசிவிட்டோம் என்று அமைதி கொள்ளலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூற விரும்புகின்றோம். ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமோ, புளிக்காடியோ, கழிவறை கழுவும் அமிலமோ எதுவாயினும் வெளுப்பு நீருடன் ஒருபோதும் கலத்தலாகாது. கலந்தால் நச்சு வளி எழுந்து நுரையீரலைத் தாக்கும். உயிருக்கே தீங்கு நேரலாம். பழைய அமிலக் கலன்கள் கிடக்கும் கொட்டகைகளில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து, சிறுவர்களை அப்புறப்படுத்திய பின்னரே செய்யுங்கள்.

வடிகட்டிப் பஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனின் கழிவிலிருந்து எழும் நச்சை மாற்றும் நல்ல நுண்ணுயிர்கள் அப்பஞ்சிலேயே குடியிருக்கின்றன. ஆகவே நலமுள்ள தொட்டியின் பஞ்சைக் குளோரினில் இடுதல் கூடாது; அத்தொட்டியின் நீரிலேயே பிழிந்து அலசினால் போதும். புதுத் தொட்டியை விரைவில் பக்குவப்படுத்த வேண்டி, நண்பர் வீட்டுத் தொட்டியின் பழம் பஞ்சை வாங்கி வந்து வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நல்ல நுண்ணுயிர்களோடு அந்த வீட்டின் ஒட்டுண்ணிகளும் சேர்ந்தே வந்துவிடும் என்பதை மறவாதீர்கள். நோய் கண்ட தொட்டியின் பஞ்சையோ இரக்கமின்றி எறிந்துவிடுவதே முறை.

கையும் ஒரு கருவி

நம் கைகளையும் கருவிகளின் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு தொட்டியில் முழங்கை வரை கைவிட்டு வேலை செய்தபின், சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்த பின்னரே அடுத்த தொட்டியில் கைவிட வேண்டும். சவர்க்காரம் சிறிதும் தங்காதவாறு அலசுதல் இன்றியமையாதது. இதனால் நமக்கும் நன்மை உண்டு. மீன்தொட்டி நீரில் வாழும் ஒருவகை நுண்கிருமி, கையிலுள்ள காயத்தின் வழியே புகுந்து ஆறாத தடிப்பையும் புண்ணையும் உண்டாக்கவல்லது. கையில் வெட்டோ சிராய்ப்போ உள்ளவர்கள் கையுறையின்றித் தொட்டியில் கைவிடலாகாது. ஆறாத புண் இருப்பின் மருத்துவரிடம் செல்லும்போது மீன் வளர்க்கும் செய்தியையும் சொல்லுங்கள். நோயை அறிய அது அவருக்குத் துணைசெய்யும்.

புதிய மீனைத் தனித்து வைத்தல்

கருவிகளை எவ்வளவு தூய்மை செய்தாலும், புதிய மீனை நேரே பழைய தொட்டியில் விட்டால் பயன் இல்லை. புதிய மீன்களைக் குறைந்தது இரண்டு வாரம், இயலுமாயின் நான்கு வாரம், தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அத்தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய் இருத்தல் வேண்டும். மற்றத் தொட்டிகளிலிருந்து நீர் தெறிக்காத தொலைவில் அதனை வைக்க வேண்டும். மீன் வந்த பையின் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. கடையில் நலமாகத் தோன்றிய மீன் பயண அலுப்பினால் வலுவிழந்து, மறைந்திருந்த நோயை ஒரு வாரத்திற்குள் வெளிக்காட்டுவது உண்டு.

நீர்ச்செடிகள், நத்தைகள், சாக்கடையில் அள்ளிய சிவப்புப் புழுக்கள், லம்பக் குட்டையில் எடுத்த கற்கள் யாவும் நோய்க்கு வழியாகலாம். மீனைச் சுற்றிலும் வேலியிட்டுவிட்டு வாயிலைத் திறந்து வைப்பது போன்றதாகும் இவற்றைத் தாராளமாக உள்ளே விடுதல்.

நோய் வந்துவிட்டால் என் செய்வது? வெண்புள்ளி நோய்க்குக் கடைகளில் மருந்து உண்டு. ஆயினும் தோலுக்கடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அம்மருந்து எட்டாது. நீரில் நீந்தும் குட்டிகளையே அது கொல்லும். எனவே மருந்துத்தாளில் குறித்தவாறு பன்முறை இட வேண்டும். புள்ளிகள் மறைந்த மறுநாளே மருந்தை நிறுத்துவோர், உறைக்குள் காத்திருக்கும் அடுத்த தலைமுறையை மறந்து விடுகின்றனர். காரணம் விளங்காமல் மீன்கள் தொடர்ந்து மடிந்தால், அவற்றை விற்பதையும் பிறர்க்குக் கொடுப்பதையும் உடனே நிறுத்தி, மீன்வளத் துறையின் அலுவலர்களிடம் அறிவுரை கேட்பதே தக்கது. மீன்வள ஆய்வுக் கழகம் பினாங்கின் பத்து மாவோங்கில் இயங்கி வருகின்றது. மீன்நோய்களை ஆராயும் வல்லுநர்கள் அங்குள்ளனர்.

கழிவுநீரும் அண்டை வீட்டாரும்

நோயுற்ற தொட்டியின் நீரைக் கால்வாயில் ஊற்றினால் அது ஓடையை அடையும். ஓடை கிந்தா ஆற்றை அடையும். அந்நீரை ஓடையினின்றும் விலகிய மேட்டு மண்ணில், வாழையடியிலோ தென்னையடியிலோ ஊற்றிவிடலாம். உப்பும் மருந்தும் கலந்த நீராயின் பயிருள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும். மாண்ட மீன்களைக் கோழிக்கும் பூனைக்கும் எறியாமல் மண்ணில் ஆழப் புதைத்துவிடுங்கள்.

வளர்க்க இயலாத மீன்களை லம்பக் குட்டையிலும் ஆற்றிலும் விட்டுவிடுவது இரக்கச் செயல் என்று சிலர் எண்ணுகின்றனர். பண்டாராயா மீன் என்று நாம் அழைக்கும் தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி இன்று நம் ஆறுகளில் பெருகிக் கிடப்பதையும், மயில் பாஸ் மீன் பழைய ஈயக் குட்டைகளில் நிலைகொண்டுவிட்டதையும் காண்கின்றோம். அயல்மீன் தான் மட்டும் செல்வதில்லை. தன் ஒட்டுண்ணிகளையும் உடன் கொண்டு செல்கின்றது. அந்த நீரில் பிடித்த மீனை உண்டு வாழும் மக்களும், அந்த நீரை எடுத்துக் குளத்தில் மீன் வளர்க்கும் மக்களும் நம் அண்டை வீட்டார் அல்லரோ?

பயன்படாத தொட்டிகளையும் வாளிகளையும் கழுவிக் கவிழ்த்து வைப்பது மற்றொரு கடமை. நீர் தேங்கிய தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சல் பரவும். கொசு பெருக இடமளிப்பது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். கருவிகளைக் காயவைக்கும் ஒரே செயலால் மீனையும் காக்கின்றோம், மக்களையும் காக்கின்றோம்.

பெருமக்களே! இவ்வளவும் செய்ய வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு வலையின் விலையையும், பத்துத் தொட்டி மீன்களின் விலையையும் ஒரு தட்டில் வைத்து எண்ணிப் பாருங்கள். சிறுதொழில் செய்வோர்க்கு முதல் இழப்பே பேரிழப்பாகும். பெரிய பண்ணை ஒரு குளத்தை இழந்தாலும் மறு குளத்தால் தலைநிமிரும். வீட்டின் பின்புறத்தில் ஐந்து தொட்டி வைத்திருக்கும் தாய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. மேலும், நோயுள்ள மீன் ஒரு வீட்டிலிருந்து விற்கப்பட்டது என்ற பெயர் பரவினால், அந்த வட்டாரத்தின் மீன்களையே வாங்குவோர் ஐயுறுவர். ஆகவே ஒருவர் வீட்டு வலையின் தூய்மை, பலர் வீட்டு வருவாயைக் காக்கும்.

ஆகவே, வீட்டில் மீன் வளர்க்கும் பிள்ளைகளை அழைத்து இப்பணியில் பங்குகொடுங்கள். எந்தத் தொட்டிக்கு எந்த வலை, எந்த நாளில் காயப்போட்டது, புதிய மீன் எந்நாளில் வந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கித் தந்தால் மீன் பேனையும் நங்கூரப் புழுவையும் அவர்களே கண்டறிவர். அறிவியல் பாடத்தை அவர்கள் வீட்டிலேயே கற்பதோடு, குடும்பத்தின் வருவாயையும் காத்து நிற்பர். நோய் வருமுன் காப்பதற்கு இந்த நாட்டின் வெயிலும், ஒரு வாளி நீரும், நம் கையின் ஒழுங்குமே முதற்கருவிகள். அவற்றை இன்றே கையிலெடுப்போமாக.